ஏமாந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் ஊர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் வெளிநாடு போக ஆயத்தமாகும் பிள்ளை ஒன்று இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

வளைகுடாவில் பணத்தைப் பறிகொடுத்த பிள்ளை ஒன்றின் குரல் பதிவு ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றும்போது கீழே வரும் பதில்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "இந்தக் காலத்திலயும் ஓ.டி.பி. குடுக்கிற மடையன் இருக்கானா?" "ஒழுங்காப் படிச்சிருந்தா இப்படி ஆகுமா?" அதற்குக் கீழே நாலைந்து சிரிப்பு முகங்கள். அவ்வளவுதான், அடுத்த கதைக்குப் போய்விடுகிறது ஊர்.

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் ஆசிரியர்களாகிய நாங்கள் இன்று பேசுகிறோம். சிரிப்பவருக்கு அது ஒரு நிமிடப் பொழுதுபோக்கு. ஆனால் அந்தக் குழுமத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னும் பத்துப் பிள்ளைகள் அன்றைக்கே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிடுகிறார்கள்: "எனக்கு இப்படி நடந்தா ஒருத்தருக்கும் சொல்லப்படாது." கள்ளனுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. பறிபோகும் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருப்பது முதல் சில நிமிடங்களில், மிஞ்சிப்போனால் முதல் சில மணித்தியாலங்களில். அந்த நேரத்தில் பிள்ளையை வாயடைத்துப்போக வைப்பது வெட்கம். அந்த வெட்கத்தை ஊட்டி அனுப்பியது ஊர்.

"படிக்காதவன்தான் ஏமாறுவான்" என்பது முதல் பொய். எங்களிடம் படித்து, கியூ.எஸ். முடித்து, நல்ல ஆங்கிலத்தோடு போன பிள்ளைகளும் சிக்கியிருக்கிறார்கள். ஓ.எல். எழுதாமல் லேபர் வேலைக்குப் போனவர்களும் சிக்கியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: நாட்டுக்குப் புதிது.

புதிதாகப் போன பிள்ளையின் முதல் இரண்டு மாதத்தை நினைத்துப் பாருங்கள். மெடிக்கல், கைவிரல் அடையாளம், இகாமா அல்லது பத்தாக்கா, சிம், வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை. சம்பளம் இப்போது கையில் எண்ணித் தரப்படுவது குறைவு. சம்பளத்தை வங்கி வழியாகவே போட வேண்டும் என்ற முறையை எமிரேட்ஸ் 2009 இலும், சவூதி 2013 இலும், கத்தார் 2015 இலும் கொண்டு வந்தன. முதலாளி சம்பளத்தை விழுங்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊரில் ஒரு நாளும் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்காத பிள்ளை, போன மாதமே போன் வழியாகப் பணத்தைக் கையாள வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறான்.

அதோடு அரசாங்கச் செயலிகள். சவூதியில் அப்ஷர், நபாத். கத்தாரில் மெட்ராஷ். எமிரேட்ஸில் யு.ஏ.இ. பாஸ். குவைத்தில் ஹவியத்தி என்ற மொபைல் அடையாள அட்டை. இவை எல்லாம் உண்மையானவை, தேவையானவை. இவற்றிலிருந்து வரும் செய்திகளும் உண்மையானவை. "பதிவு செய்யுங்கள், புதுப்பியுங்கள், உறுதிப்படுத்துங்கள்" என்று அரபியில் நாளுக்கு நாலு செய்தி உண்மையாகவே வரும் காலத்தில், ஐந்தாவதாகப் பொய்ச் செய்தி ஒன்று வந்தால் பிரித்தறிவது எப்படி? "உங்கள் பத்தாக்கா விபரம் புதுப்பிக்கப்படவில்லை, ஏ.டி.எம். அட்டை இன்று முடக்கப்படும்" என்று ஒருவன் அதட்டலாகச் சொன்னால், உம்மாவின் நகையை அடகு வைத்துப் போன பிள்ளைக்கு நெஞ்சு படபடக்காதா?

கள்ளன் தேடுவது படிப்பில்லாதவனை என்று நினைக்காதீர்கள். அவன் தேடுவது பயந்திருப்பவனை, அவசரத்தில் இருப்பவனை, பாஷை விளங்காதவனை, பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவனை. நாலும் சேர்ந்த ஒரு ஆள்தான் புதிதாகப் போன நம் பிள்ளை.

இழப்பின் அளவையும் யோசியுங்கள். கத்தாரில் 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளத்தின் கீழ் எல்லை மாதம் 1000 றியால். ஒரு தொலைபேசி அழைப்பில் 4000 றியால் போனால், அது நாலு மாத அடிப்படைச் சம்பளம். இங்கே அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது பொய், "போனை ஹேக் பண்ணிட்டாங்க" என்பது. பெரும்பாலும் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. பூட்டை உடைப்பது கஷ்டம். வீட்டுக்காரனைக் கொண்டே கதவைத் திறப்பிப்பது லேசு. இது எப்படி நடக்கிறது என்று விளங்கினால் பாதி ஆபத்து போய்விடும்.

அடிக்கடி வருவது பொலிஸ், அமைச்சு அல்லது வங்கி என்று சொல்லி வரும் அழைப்பு. வட்ஸ்அப்பில் அமைச்சின் சின்னத்தைப் படமாக வைத்திருப்பான். வீடியோ அழைப்பில் சீருடையோடு வருபவனும் உண்டு. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சரியாகச் சொல்வான். "என் இலக்கம் அவனுக்கு எப்படித் தெரியும், அப்ப உண்மைதானே" என்று பிள்ளை நம்பிவிடும். பாஸ்போர்ட் பிரதியும் பத்தாக்கா பிரதியும் எத்தனை கைகளுக்குப் போயிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: ஏஜென்சி, சப் ஏஜென்ட், சிம் கடை, ரூம் வாடகைக்காரன். இலக்கம் தெரிந்தவன் எல்லாம் அதிகாரி ஆக முடியாது.

அடுத்தது சின்னத் தொகை. "உங்கள் பார்சல் காத்திருக்கிறது, 10 றியால் கட்டுங்கள்." "போக்குவரத்துத் தண்டப்பணம், இன்று கட்டினால் பாதி." பேஸ்புக்கில் நம்ப முடியாத விலைக்குச் சாப்பாட்டு விளம்பரம். எல்லாவற்றிலும் கேட்பது கொஞ்சக் காசுதான். ஆனால் நீங்கள் அட்டை இலக்கத்தையும், பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தையும், வரும் ஓ.டி.பி.யையும் அடிக்கும்போது, மறுபக்கம் அவன் உங்கள் கணக்கில் வேறு தொகையை எடுத்துக்கொண்டிருப்பான்.

மூன்றாவது வேலை ஆசை. "பார்ட் டைம், வீடியோவுக்கு லைக் போட்டால் போதும்." முதலில் 20, 30 என்று உண்மையாகவே கணக்கில் போடுவான். நம்பிக்கை வந்த பிறகு "பெரிய டாஸ்க், முதலில் 500 கட்டுங்கள்" என்பான். 500 ஐ மீட்க 1000, அதை மீட்க 2000. வேலை கொடுப்பவன் சம்பளம் தருவான். உங்களிடம் காசு கேட்பவன் வேலை கொடுக்கவில்லை.

நாலாவது, புதிதாகப் போனவர்களுக்கே விரிக்கும் வலை: பெட் ஸ்பேஸ், ரூம். அழகான படம், குறைந்த வாடகை, "நிறையப் பேர் கேட்கிறார்கள், முற்பணம் அனுப்பினால் பிடித்து வைக்கிறேன்." அனுப்பிய பிறகு இலக்கம் பிளாக். இடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு றியாலும் கொடுக்காதீர்கள்.

இனி, போகும் பிள்ளைகளுக்கு. ஐந்து விடயங்களை மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறுங்கள்.

ஒன்று. பணம் உங்களுக்கு வருவதற்கு உங்களிடமிருந்து இரகசியம் எதுவும் தேவைப்படாது. ஐபான் இலக்கம் மட்டும் போதும். சவூதி ஐபான் எஸ்.ஏ. என்று தொடங்கி 24 எழுத்தும் இலக்கமும் கொண்டது. எமிரேட்ஸ் 23, கத்தார் 29, குவைத் 30. பணம் அனுப்புகிறேன், பரிசு விழுந்திருக்கிறது, ரீபண்ட் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஓ.டி.பி.யோ, பின் இலக்கமோ, அட்டையின் பின்பக்க மூன்று இலக்கமோ கேட்பவன் தருவதற்கு வரவில்லை, எடுப்பதற்கு வந்திருக்கிறான்.

இரண்டு. நீங்கள் தொடங்காத எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள். சவூதியின் நபாத் செயலியில் ஒரு இலக்கத்தைத் தெரிவு செய்து உறுதிப்படுத்துவது ஓ.டி.பி. கொடுப்பதைப் போலத்தான். "இந்த இலக்கத்தை மட்டும் அழுத்துங்கள்" என்று போனில் ஒருவன் சொல்லி நீங்கள் அழுத்தினால், உங்கள் பெயரில் அவன் எங்கோ ஒரு கதவைத் திறக்கிறான் என்று அர்த்தம். அது உங்கள் பெயரில் சிம்மாக இருக்கலாம், கணக்காக இருக்கலாம், கடனாகவும் இருக்கலாம். யு.ஏ.இ. பாஸ், ஹவியத்தி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எமிரேட்ஸில் 2025 ஜூலை முதல் வங்கிகள் எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யைப் படிப்படியாகக் கைவிட்டு, செயலிக்குள்ளேயே சம்மதம் கேட்கும் முறைக்கு மாறத் தொடங்கின. ஆகவே "ஓ.டி.பி. சொல்லாதே" என்ற ஒரு பாடம் இனிப் போதாது. "கேட்காமல் வந்த சம்மதத்தை அழுத்தாதே" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று. அழைப்பை வெட்டுங்கள். மரியாதைக் குறைவு என்று யோசிக்க வேண்டாம். வெட்டிவிட்டு, அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கும் வங்கி இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். வந்த இலக்கத்துக்கே திருப்பி எடுக்காதீர்கள். திரையில் வங்கியின் பெயர் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். அதையும் போலியாகக் காட்டலாம். உண்மையான வங்கி நீங்கள் பத்து நிமிடம் கழித்து எடுத்தாலும் அங்கேயே இருக்கும். கள்ளன் மட்டும்தான் "போனை வைக்க வேண்டாம்" என்று சொல்வான்.

நாலு. செய்தியில் வரும் லிங்கைத் தொடாதீர்கள். வேலை இருந்தால் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். அரசாங்கத் தளங்களின் முகவரி முடியும் விதத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: சவூதிக்கு டொட் கவ் டொட் எஸ்.ஏ., கத்தாருக்கு டொட் கவ் டொட் கியூ.ஏ., குவைத்துக்கு டொட் கவ் டொட் கே.டபிள்யூ. முகவரியின் தொடக்கத்தில் அமைச்சின் பெயரை எவனும் எழுதலாம். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் அது எப்படி முடிகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஐந்து. உங்கள் திரையை இன்னொருவனுக்குக் காட்டாதீர்கள். "உதவி செய்கிறேன், எனிடெஸ்க் போடுங்கள்" என்றால் அது உங்கள் போனை அவன் கையில் கொடுப்பது. செயலிகளை பிளே ஸ்டோர், அப் ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்தும் இறக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் வரும் கோப்பிலிருந்து இறக்கவே வேண்டாம். வங்கிச் செயலியில் நாளாந்த எல்லையைக் குறைத்து வையுங்கள். ஒன்லைனில் வாங்கும் அட்டையில் கொஞ்சக் காசு மட்டும் வைத்திருங்கள்.

பாஷை விளங்கவில்லை என்றால் ரூமில் இருக்கும் மூத்த காக்காவிடம் செய்தியை வாசிக்கக் கொடுங்கள். அதில் குறைவில்லை. ஆனால் பின் இலக்கத்தை அந்தக் காக்காவுக்கும் சொல்லாதீர்கள், சுப்பவைசருக்கும் சொல்லாதீர்கள். சம்பள அட்டையை "அவர் எடுத்துத் தருவார்" என்று ஒப்படைக்கும் பழக்கம் முதல் நாளே நிற்க வேண்டும்.

இப்போது கசப்பான ஒரு விடயம். நம் பிள்ளைகள் ஏமாறுவதைப் பற்றி மட்டும் பேசினால் அது பாதி உண்மை. மறு பாதி, நம் பிள்ளைகளின் பெயரிலேயே மற்றவர்கள் ஏமாற்றப்படுவது.

"உன் கணக்குக்குக் காசு வரும், எடுத்து என்னிடம் தா, உனக்கு 200 றியால்." "உன் இகாமாவில் ஒரு சிம் எடுத்துத் தா, 100 றியால்." இப்படிக் கேட்டு வருபவன் பெரும்பாலும் அந்நியன் அல்ல, ரூமுக்கு வந்து தேத்தண்ணி குடித்துப் போகும் தெரிந்த முகமாகவே இருப்பான். கள்ளன் திருடிய பணத்துக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியில் அவன் பெயர் இருக்காது, உங்கள் பெயர் இருக்கும். சவூதியில் 2016 முதல் சிம் கைவிரல் அடையாளத்தோடுதான் பதியப்படுகிறது. விசாரணை தொடங்கினால் பொலிஸ் முதலில் வந்து நிற்பது அந்தக் கைவிரலுக்குரியவனிடம். பயணத் தடை, வழக்கு, சிறை, நாடு கடத்தல் எல்லாம் அதற்குப் பின்னால் வரும். "எனக்குத் தெரியாது" என்ற வார்த்தை அங்கே அதிக தூரம் போகாது.

"சும்மா கணக்குத்தானே குடுத்தேன்" என்று இதை லேசாகப் பேசும் பெரியவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த 200 றியால் எங்கிருந்து வந்தது? இன்னொரு தாயின் நகையை அடகு வைத்துப் போன பிள்ளையிடமிருந்து. அவன் நேபாளியாக இருக்கலாம், பங்களாதேஷியாக இருக்கலாம், பக்கத்து ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம். பிறர் பொருளை அநியாயமாக உண்பது ஹராம் என்று குத்பாவில் கேட்டுவிட்டு, கமிஷன் என்று பெயர் மாற்றினால் ஹலால் ஆகிவிடுமா?

"தவறுதலாக உங்கள் கணக்குக்கு 1500 போட்டுவிட்டேன், இந்த இலக்கத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று வரும் அழைப்பும் இதே வகைதான். பிறர் காசை வைத்திருக்கக் கூடாது என்ற நல்ல மனதையே அவன் பயன்படுத்துகிறான். நீங்கள் ஒன்றும் அனுப்ப வேண்டாம். வங்கிக்கு அறிவியுங்கள். உண்மையில் தவறு என்றால் வங்கியே திருப்பி எடுக்கும்.

இவ்வளவும் தெரிந்தும் ஒரு நாள் பணம் போய்விட்டது என்றால்?

உடனே வங்கிக்கு எடுத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். அழுவதும் யோசிப்பதும் பிறகு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செய்தி, இலக்கம், பணம் போன நேரம் எல்லாவற்றையும் திரைப்படம் எடுத்து வையுங்கள், கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். கடவுச்சொற்களையும் பின் இலக்கத்தையும் மாற்றுங்கள். உங்கள் அடையாள அட்டையில் தெரியாத சிம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சவூதியில் மோசடி எஸ்.எம்.எஸ். வந்தால் 330330 க்கு அனுப்பி அறிவிக்கலாம். நீங்களே ஓ.டி.பி. கொடுத்திருந்தால் வங்கி பெரும்பாலும் நட்டத்தை ஏற்காது என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பணம் மறு கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன்னால் சொன்னால் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் அந்த வாய்ப்பு சுருங்கும்.

அதற்குப் பிறகு இன்னொருவன் வருவான்: "உன் பணத்தை மீட்டுத் தருகிறேன், 300 கட்டு." அவனும் அதே கூட்டம். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் விற்பனைப் பொருள்தான்.

"கவனமில்லாதவனுக்கு ஊர் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இது. நிறையச் செய்யலாம்.

ஏஜென்சிகளுக்கும் சப் ஏஜென்ட்மார்களுக்கும்: டிக்கட்டுக்கும் மெடிக்கலுக்கும் விசாவுக்கும் ஒவ்வொன்றாக எண்ணிக் காசு வாங்குகிறீர்கள். போகும் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி அந்த நாட்டு அரசாங்கச் செயலியின் உண்மையான பெயரையும் அடையாளத்தையும் காட்டிக் கொடுக்க உங்களுக்கு என்ன செலவு? செய்யாதவரிடம், ஏன் செய்யவில்லை என்று பெற்றோர் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களுக்கு: மாதத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அரை மணித்தியாலம் தாருங்கள். பெண்களுக்குத் தனியாகவும் ஒழுங்கு செய்யுங்கள். பணிப்பெண்ணாகப் போகும் சகோதரிகளில் பலருக்கு, வீட்டுக்குள்ளே அடைபட்ட வாழ்க்கையில் வெளியுலகுக்கு இருக்கும் ஒரே கதவு அந்தப் போன். வங்கிக்கு நேரில் போய்க் கேட்கும் வசதிகூட அவர்களில் பலருக்குக் கிடையாது. பாடம் நாங்கள் நடத்துகிறோம். எங்களுக்குக் காசு வேண்டாம், இடமும் ஒலிவாங்கியும் போதும்.

லீவில் வந்திருக்கும் தம்பிமாருக்கு: அங்கே உங்களுக்கு வந்த பொய்ச் செய்திகளைப் போனில் காட்டி விளங்கப்படுத்துங்கள். நாங்கள் பலகையில் எழுதுவதைவிட உங்கள் போனில் இருப்பது பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: மகனின் பெயரிலும் படத்திலும் புது இலக்கத்திலிருந்து "உம்மா, அவசரம், இந்தக் கணக்குக்குப் போடுங்க" என்று செய்தி வந்தால், குரல் கேட்காமல் ஒரு சதமும் போடாதீர்கள். போகும் முன்னரே குடும்பத்துக்குள் ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முறையிட இலங்கை சேர்ட்டின் 101, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 ஆகிய இலக்கங்களைப் போனில் பதிந்து வையுங்கள். மகன் "உம்மா, காசு போயிட்டு" என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, "வங்கிக்குச் சொல்லிட்டியா மகன்?" என்பதுதான். ஏச்சுப் பேச்செல்லாம் லீவில் வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை ஒரு பிள்ளை உங்கள் வீட்டுக்குப் பயணம் சொல்ல வரும்போது, ஸலாம் சொல்லிக் கையில் காசு வைத்து துஆ கேட்டு அனுப்புவீர்கள். அதோடு மூன்று கேள்வியும் கேட்டு அனுப்புங்கள். ஓ.டி.பி. கேட்டால் என்ன செய்வாய்? கணக்கை வாடகைக்குக் கேட்டால் என்ன சொல்வாய்? காசு போனால் முதலில் யாருக்குச் சொல்வாய்? மூன்றுக்கும் தடங்காமல் பதில் வரும்வரை பிள்ளையை வாசலில் நிறுத்தி வையுங்கள். விமானம் அதற்குள் போய்விடாது.